பொந்து விழுந்த மரங்களை வெட்டும் முன்

வால்பாறையில் தேயிலை, காப்பித் தோட்டங்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மார்ச்சில் ஒரு எஸ்டேட்டில், பெயர் வேண்டாம், காப்பிக்கு நடுவே நின்ற கிழட்டு மரம் ஒன்றை வெட்டினார்கள். பொந்து விழுந்த மரம், எப்படியும் சாயும் என்று காரணம் சொன்னார்கள். பொந்தின் வாய் பூசியிருந்ததை மரம் விழுந்த பிறகுதான் பார்த்தார்கள். உள்ளே மலை இருவாச்சி.

இந்தப் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்த இடம் வருடக்கணக்கில் உளுத்து, ஒரு மீட்டர் நீளப் பறவை புகும் அளவுக்குக் குழிய வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் தை மாத வாக்கில் பெட்டை உள்ளே போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளேயே சிறகிறகுகளை உதிர்த்துவிடுவதால் அவசரத்துக்குப் பறக்கவும் முடியாது. சேவல் கொண்டுவருவதுதான், பெரும்பாலும் பழம், ஏறக்குறைய நான்கு மாதச் சாப்பாடு. இத்தனை பாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சு.

1890-களிலிருந்து காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டதில், இந்த மேட்டுநிலத்தில் மிஞ்சியது துண்டு துண்டான காடு. ஒரு துண்டில் அத்தி பழுத்திருக்கும், காட்டு ஜாதிக்காய்க்கு வேறொரு துண்டுக்குப் போக வேண்டும். தேயிலைக்கு மேலே ரயில் இரைச்சலோடு சேவல் பறந்து கடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடக்க முடியாமல் இல்லை. ஆனால் தூரம் கூடக்கூட, ஒரு பகலில் அது கூட்டுக்கு வந்துபோகும் நடை குறையும், குஞ்சுக்குக் கிடைப்பதும் குறையும். துண்டின் ஓரத்தில் நிற்கும் பெரிய மரங்களையோ காற்று முதலில் சாய்க்கிறது.

காப்பித் தோட்டங்களில் பழைய நாட்டு மரங்கள் நிற்கும் இடத்தில் இருவாச்சி இன்றும் கூடு வைக்கிறது. அதனால்தான் வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நிழலுக்கு நடும் சில்வர் ஓக், மிளகுக் கொடி ஏற நல்ல மரம்தான், சரி. இருவாச்சிக்கு அதில் பழமும் இல்லை, புகுந்துகொள்ளப் பொந்தும் இல்லை.

பெரிய மரத்தில் கோடாரி வைப்பதையும், பக்கத்து நிழல் மரங்களைக் கவாத்து செய்வதையும் ஜனவரி முதல் மே வரை நிறுத்தி வையுங்கள். மற்ற மாதங்களிலும் வெட்டும் முன் ஆளனுப்பி மரத்தடியைப் பார்க்கச் சொல்லுங்கள். துப்பிய விதையும் எச்சமும் குவிந்து கிடந்தால் மேலே கூடு இருந்திருக்கிறது. அதே பொந்துக்கு அவை வருடா வருடம் திரும்பி வரும், மரத்தை விட்டுவிடுங்கள். எந்த மரம் என்று உங்கள் தொழிலாளர்களைக் கேட்டாலே சொல்வார்கள், அதற்கு நிபுணர் யாரும் வரவேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று. வெட்டிய அந்த மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி, சேவல் போட்ட விதைகளிலிருந்து நாலைந்து கன்று முளைத்திருக்கிறது. களையெடுக்கும்போது அவற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த ஒருவன்