உன் அறையிலிருந்து எழுதுகிறேன்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். "உண்மையைச் சொல்லும்மா, வலி இருக்கா இல்லையா?" பக்கத்தில் அப்பா இருந்தார். அவர் ஏற்கெனவே சரியாகத் தூங்காமல் இருக்கிறார். அதனால் "ஒண்ணுமில்லடா" என்று முடித்துவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு எதையும் மறைக்க வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு பதினோரு நாள். வலி இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. உன் அறையில், உன் கட்டிலில் படுத்திருக்கிறேன். எங்கள் கட்டில் தாழ்வு, எழுந்திருக்கும்போது வயிற்றைச் சுண்டி இழுக்கிறது. உன்னுடையது உயரம். ஒருக்களித்துப் படுத்து, காலை முதலில் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை. இதை ஒரு நர்ஸ் பெண் பொறுமையாக நான்கு தடவை செய்துகாட்டினாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு சின்ன வீக்கம் ஒரு வருடமாகவே இருந்தது. படுத்தால் காணாமல் போகும், இருமினால் எட்டிப் பார்க்கும். வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. நீ அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய், உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அது தப்பு. போன மாதம் பரணிலிருந்து பழைய விளையாட்டுப் பத்திரிகைகள் இருக்கும் மரப்பெட்டியை நானே இறக்கப் பார்த்தேன். பாதியில் வீக்கம் வெளியே வந்து கல் மாதிரி ஆகிவிட்டது. படுத்தும் உள்ளே போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தானாக இறங்கியது. அன்றைக்குத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

மருத்துவர் அழகாக விளக்கினார். நான் என் அம்மா வயிற்றில் இருந்தபோது தொப்புள்கொடி உள்ளே நுழைந்த வாசல் அது. பிறந்ததும் மூடிக்கொள்ளும், ஆனால் அந்த இடம் மற்ற இடங்களைப் போல அத்தனை உறுதியாவதில்லை. பிள்ளைப்பேறு, உடல் எடை, நாள்பட்ட இருமல், பாரம் தூக்குவது எல்லாம் சேர்ந்து உள்ளிருந்து அழுத்தும்போது தசைச்சுவர் விலகி, உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ வெளியே தள்ளுகிறது. அதுதான் குடலிறக்கம். வெளியே வந்தது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, அதற்குப் போகிற ரத்த ஓட்டம் நின்றுவிட்டால்தான் ஆபத்து. வீக்கம் இறங்காமல் வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். என் முக்கால் மணி நேரத்தை நினைத்துப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. நீ ஜிம்முக்குப் போகிறவன். தொப்புளிலோ தொடை இடுக்கிலோ இப்படி ஏதாவது தெரிந்தால் என்னைப் போல மூடி வைக்காதே.

லேப்பராஸ்கோப்பிதான் செய்தார்கள், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்வது. இடப்பக்கமாக மூன்று சின்னத் துளைகள். உள்ளே ஒரு வலையை வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். வைப்பதற்கு முன் அதே மாதிரியான துண்டு ஒன்றை என் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். மெல்லிய இழை, பொடிப்பொடிக் கண்கள். நாள் போகப்போக அந்தக் கண்களுக்குள் நம் சதை வளர்ந்து வலையைப் பிடித்துக்கொள்ளுமாம். பதினைந்து வயதில் வாலிபால் நெட்டுக்கு முன்னால் நின்று குதித்தவள் நான். இப்போது ஒரு நெட் எனக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கும்போது, என்னவோ, பயம் விட்டுப்போனது.

முதல் இரண்டு நாள் என்னை வாட்டியது வயிறு இல்லை, வலது தோள்பட்டை! கேமராவை உள்ளே விடுவதற்காக வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். அதில் மிச்சம் இருப்பது உதரவிதானத்தை, அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசைத்திரையை, உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறதாம். வராந்தாவில் மெதுவாக நடக்க நடக்க அது போய்விட்டது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதால் தண்ணீரும் நார்ச்சத்தும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார் அப்பா. முக்கி அழுத்தம் கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவர் என்னைவிடக் கவனம்.

ஏழாம் நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் மறுபடி ஒரு வீக்கம். அழுதே விட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். ஓடிப்போய் மருத்துவரிடம் காட்டினோம். அது குடலிறக்கம் இல்லை, காலியான இடத்தில் நீர் கோத்திருக்கிறது, பெரும்பாலும் சில வாரங்களில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும் என்றார். இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார். அதன் பிறகுதான் அன்று சாப்பிட்டேன்.

நீ அன்றைக்கு அனுப்பியிருந்தாயே, சூர்யகுமாரும் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான் என்று. அது கொஞ்சம் வேறு. விளையாட்டு வீரர்களுக்கு வரும் 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா'வில் வீக்கம் வெளியே தள்ளுவதில்லை. அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ தசையோ தசைநாரோ கிழிந்து வலிக்கும். 2022இல் கே.எல்.ராகுலுக்கு ஜெர்மனியில் செய்ததும் அதுதான். ஆனால் நீ எதற்காக அனுப்பினாய் என்று எனக்குப் புரிந்தது. சூர்யகுமார் 2025 ஜூனில் செய்துகொண்டு, செப்டம்பரில் ஆசியக் கோப்பையைத் தலைமை தாங்கி ஜெயித்துவிட்டார். நான் அவ்வளவு கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து என் கையால் ஒரு பெட்டியை நகர்த்த முடிந்தால் போதும்.

சரி, இனி உன் அறையைப் பற்றி. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கிளம்பிப் போன பிறகு என் விளையாட்டுச் சேகரிப்பையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே கொண்டுவந்தது உனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடமும் நான் இந்த அறைக்குள் வந்தது எதையாவது வைக்கவோ தூசி தட்டவோதான். உட்கார்ந்து பார்த்ததே இல்லை. இப்போது குனியவும் தூக்கவும் கூடாது என்பதால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒன்று கவனித்தேன். மூன்றரை மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வருகிறது. முதலில் மேஜைக்கால், அப்புறம் கோப்பைகள் இருக்கும் தட்டு, அப்புறம் சுவரில் ஏறி நாலே கால் வாக்கில் நேராகக் கையெழுத்துகள் போட்ட கிரிக்கெட் மட்டையின் மேல் வந்து நிற்கிறது. அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறது. அப்பாவை மட்டையை இறக்கிக் கொண்டுவரச் சொல்லிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். பதினொரு கையெழுத்தில் நான்கு கிட்டத்தட்ட போயே போய்விட்டது. கண்ணாடி போட்டுச் சாய்த்துப் பார்த்தால் பேனா அழுத்திய பள்ளம் மட்டும் தெரிகிறது.

எத்தனை வருடமாக அந்த வெயில் தினமும் வந்து போயிருக்கிறது பார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நாலு மணிக்கு நான் அடுப்படியில் இருப்பேன், அப்பா வேலையில், நீ மைதானத்தில். மட்டையை இப்போது எதிர்ச்சுவருக்கு மாற்றியாகிவிட்டது, ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டாகிவிட்டது. எண்ணெய் பூச வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஆளி விதை எண்ணெய் ஆடுகிற மட்டைக்கு நல்லது. மையின் மேல் பட்டால் மிச்சம் இருக்கும் ஏழும் கலங்கிவிடும்.

கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே பி.டி.உஷா. 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்ட இறுதி. பெண்களுக்கு அந்தப் போட்டியை ஒலிம்பிக்கில் வைத்ததே அந்த வருடம்தான் முதல் தடவை. ருமேனியாக்காரி 55.41 நொடி, உஷா 55.42. நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போனது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தக் கட்டிங்கை வெட்டும்போது என் கை நடுங்கியது, ஓரம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கட்டும் என்று பின்னாளில் அதை லேமினேட் செய்தேனே, அதற்கு இப்போது வருந்துகிறேன். பேப்பர் மஞ்சளாவது அதில் இருக்கும் மரக்கூழின் லிக்னின் என்ற பொருளால். பிளாஸ்டிக்கில் போட்டு ஒட்டினாலும் அது உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும், இனி பிரித்தெடுக்கவும் முடியாது. மற்ற கட்டிங்குகளையாவது காப்பாற்றியாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டால் போதாதா என்று நீ கேட்டாய். ஸ்கேன் செய்யலாம், செய்யத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அலமாரியில் இரண்டாவது ஃபைலை நினைத்துப் பார். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேயுடன் ஆட்டம். 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து கபில் தேவ் 175, ஆட்டமிழக்கவில்லை. கிர்மானியோடு ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 126. அந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டவே இல்லை, அதைப் பிடிக்க டி.வி. கேமராவே அங்கே இல்லை. மறுநாள் பேப்பரில் வந்த ஸ்கோரை நான் வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். அதே பேப்பர்தான் இது, என் விரல் பட்ட இடம்கூட இதில்தான் இருக்கிறது. ஸ்கேனில் எழுத்து வரும், கண்ணா. இதை நான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது வராது.

2011 ஏப்ரல் 2 இரவு எடுத்த போட்டோவும் இங்கேதான். தோனி சிக்ஸர் அடித்த நொடியில் அப்பா கேமராவைத் தூக்கியதால் நாம் இரண்டு பேரும் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறோம். உன் வாய் மட்டும் அகலமாகத் திறந்திருப்பது தெரிகிறது.

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிரிக்கெட் பந்து 160 கிராம் சொச்சம்தான். அதனால் தினமும் உன் பள்ளிக்கூடப் பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். நீ ஆறு விக்கெட் எடுத்தாயே, அந்தப் பந்து. தையல் ஆறு வரிசையில் ஓரிடத்தில் நூல் அறுந்து நார் நாராக நிற்கிறது. ஒரு பக்கம் சொரசொரவென்று தேய்ந்து, நிறம் போய், மண் அப்பியிருக்கிறது. இன்னொரு பக்கம் நீ பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பக்கத்தில் ட்யூப்லைட் தெரிகிறது. அந்தச் சிவப்புக் கறை போக உன் வெள்ளைப் பேன்ட்டை எத்தனை தடவை துவைத்திருப்பேன்! அப்போது உன்னைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருக்கும்போது, காத்திருக்கும் மத்தியானம் சீக்கிரம் போய்விடுகிறது.

லீவு போட்டு உடனே வருகிறேன் என்றாய். இப்போது வேண்டாம். பார்த்துக்கொள்ள அப்பா இருக்கிறார், காலையும் மாலையும் கால் மணி நேரம் நடக்கிறேன், கட்டு பிரித்தாகிவிட்டது, துளை இருந்த இடங்களில் அரிப்பு மட்டும்தான். ஆறு வாரம் ஆகட்டும், அப்புறம் வா.

அந்த மரப்பெட்டி அன்றைக்கு நான் விட்ட இடத்திலேயே, பாதி பரணிலும் பாதி அலமாரி மேலும் நிற்கிறது. அப்பாவையும் தொடவிடவில்லை, அவர் முதுகு உனக்குத் தெரியும். மேலே பத்திரிகைகள், அடியில் நீ புக் கிரிக்கெட் ஆடிய ஸ்கோர் நோட்டு. பாடப்புத்தகத்தைத் திறந்து திறந்து ரன் எழுதிய நோட்டு, அதில் உன் அணியில் என்னையும் ஓப்பனிங் பேட்ஸ்மேனாகச் சேர்த்திருந்தாய். அதை எடுக்கத்தான் அன்றைக்கு ஏறினேன். நீ வந்து இறக்கு, நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறேன்.

வரும்போது அமிலம் இல்லாத காகித உறைகள் ஒரு கட்டு வாங்கி வா. பெரிய அளவாகப் பார்த்து வாங்கு. பேப்பரை மடிக்காமல் அப்படியே உள்ளே வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா