துரொம்சோவிலிருந்து அம்மாவுக்கு

துரொம்சோ, நோர்வே,
மார்கழி.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் பெரியம்மாவும் சுகமாக இருக்க நல்லூரான் துணை. உங்கட கடிதம் போன கிழமை கிடைத்தது. போனில் எவ்வளவு கதைத்தாலும், கொப்பித்தாளில் நுணுக்கி எழுதி நீங்கள் அனுப்புகிற கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். உறைக்குள் திருநீற்று மடிப்பு அவிழ்ந்து எழுத்தெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. தட்டியெடுத்துப் பூசிக்கொண்டேன்.

"அந்த இருட்டுக்குள் என்னெண்டு இருக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆறுதலாக இருந்து எழுதவேண்டும் போல இருந்தது.

இங்கே நவம்பர் 27 அளவில் இறங்குகிற சூரியன், தைப்பொங்கலோடு ஜனவரி 15 அளவில்தான் திரும்ப அடிவானத்துக்கு மேலே வரும். சுற்றிவர மலை நிற்பதால் ஊருக்குள் அதன் முகம் தெரிய 21ஆம் திகதி ஆகிவிடும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரிக் கும்மிருட்டு இல்லை. மத்தியானத்தை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு நீல வெளிச்சம் நிற்கும். குளிரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெற்கேயிருந்து ஒரு சுடுநீரோட்டம் இந்தக் கரை வரைக்கும் வருவதால், துருவ வட்டத்துக்கு மேலே இருந்தும் எங்கட கடல் உறைவதில்லை.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொன்னேனல்லவா, தங்கச்சிகூட "அவருக்கு விசரோ அண்ணா?" என்று கேட்டாளே, அவரேதான். மனிசன் முந்திக் கடலுக்குப் போனவர். ஒருவரோடும் கதைக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் மத்தியானம் சுடுதண்ணிப் போத்தலோடு கீழே இறங்கி, வாங்கிலில் உள்ள பனியைக் கையுறையால் வழித்துவிட்டுத் தெற்கே பார்த்தபடி இருப்பார். சூரியன் இல்லாத திசையில் என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போன மாதம் ஒருநாள் என்னைக் கண்டு, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். நானும் இருந்தேன். அவர் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மலைக்கு அங்காலே வானம் மெல்லச் சிவந்து ரோசா நிறமானது. பனி முழுக்க நீலம். தண்ணியில் அந்த இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து அசைந்தன. அவ்வளவு வடிவு, அம்மா. நான் சூரியன் வேண்டும், வெயில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் இது இங்கேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு அப்பம்மாவின் ஞாபகம்தான் வந்தது. எது நடந்தாலும் "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்பாவே. எங்கட யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி தன் குருவிடம் பெற்ற அந்த நாலு வாக்கியமும் அவவின் வாயில் தேய்ந்து தேய்ந்து வீட்டுப் பேச்சாகிவிட்டன: ஒரு பொல்லாப்பும் இல்லை, முழுதும் உண்மை, நாம் அறியோம், எப்பவோ முடிந்த காரியம். 1964 பங்குனியில் சுவாமி சமாதியடைந்த செய்தி கேட்டும் அழாமல், அதையே சொல்லிக்கொண்டு விளக்கேற்றினா என்று அப்பா சொல்லுவார். அந்தக் குரு செல்லப்பரையும் நல்லூர்த் தேரடியில் கண்ட சனம் விசர் என்றுதானே சொன்னது.

வேலைக்குப் போகமுந்தி யன்னலோரம் பாயை விரித்துத் தியானத்தில் இருக்கிறேன். ஹீட்டர் போடுவதில்லை, உங்கட பழைய போர்வை போதும். குளிர்ந்திருந்தால் மனம் தூங்கிவழியாது. மூச்சோடு பஞ்சாட்சரம். முதலில் மனம் கணக்குப் பார்க்கும். வாடகை, அவனுக்குக் குடுக்கவேண்டியது, இவன் சொன்ன சொல்லு. துரத்தினால் இன்னும் கூடும். "சரி, பார்த்து முடி" என்று விட்டுவிட்டு நான் மூச்சோடு நின்றால், அது தானாகவே களைத்து அடங்கும். பிறகு ஒரு அமைதி வரும். நான் கொண்டுவருவதில்லை, வரும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நல்லூரான் காலடியில் வைத்துவிடுகிறேன். இதைத் தா, அதைத் தா என்று கேட்பதில்லை. எது வருகிறதோ அது உன்னுடையது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு நான் வேலையை விட்டுவிடுவேன் என்று பெரியம்மா பயப்படவேண்டாம். சுவாமியே கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் ஸ்டோர்கீப்பராக உத்தியோகம் பார்த்தவர். பகலில் கணக்கும் சாமானும், இரவில் தியானம். பிறகும் தன்னிடம் வந்தவர்களுக்கு, அவரவர் வேலையையே சிவதொண்டாகச் செய்யத்தான் சொன்னார். எனக்குக் கையில் கிடைத்திருப்பது மீன். கத்தி வைக்கமுந்தி ஒருக்கால் பார்க்கிறேன்: கொட் மீனின் முதுகில் பச்சையும் பொன்னுமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும், செவுளிலிருந்து வால் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து ஓடும். இவ்வளவு காலமும் அதை எடைக்கு எடை காசாகத்தான் பார்த்திருந்தேன்.

இப்போது தொழிற்சாலையில் வேலை கொஞ்சம் குறைவு, அதனால் இருக்க நல்லாய் நேரம் கிடைக்கிறது. அறையில் கூட இருந்த பொடியனும் ஒஸ்லோவுக்குப் போய்விட்டான். வீடு நல்ல அமைதி.

திருவெம்பா தொடங்கியிருக்கும், என்ன? விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வர, நீங்கள் என்னைத் தட்டி எழுப்புவீர்கள். நான் போர்வையை இழுத்து மூடுவேன். இங்கே விடியப்புறம் எழும்பி இருக்கையில் சேமக்கலச் சத்தம் காதுக்குள் கேட்கிறது, அம்மா. ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். அதையும் அவனிடமே குடுத்தேன். உங்கட கையால் ஒருக்கால் தலையில் எண்ணெய் வைத்தால் போதும் போலிருந்தது.

சரி, அலுவலுக்கு வருகிறேன். பங்குக் கிணற்றுப் பாதையைச் சித்தப்பா அடைத்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அவரோடு வாய்காட்டப் போகவேண்டாம். காணி உறுதியில் வழி, வாய்க்கால், கிணற்றுப்பங்கு எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. அத்தானிடம் சொல்லி உறுதியை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படமெடுத்து அனுப்புங்கோ, நான் வாசித்துப் பார்த்த பிறகு நொத்தாரிசிடம் போகலாம். கோபத்தில் வேலியில் கை வைக்கவேண்டாம் என்றும் அத்தானுக்குச் சொல்லுங்கோ.

தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் நல்லது போலத்தான் தெரிகிறது. அவளுக்குப் பிடித்திருக்கா என்று முதலில் கேளுங்கோ, தனியாக இருத்திக் கேளுங்கோ. சாதகப் பொருத்தம் பிறகு. சீதனப் பேச்சு வந்தால் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று நிறுத்திவிடுங்கோ.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். தையில் பெரிய மீன் கரைக்கு வந்துவிடும், வேலை கூடும், அப்போது இரண்டு மாதத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவேன். அதுவரைக்கும் கடையில் கொப்பியில் எழுதச் சொல்லுங்கோ. முழங்கால் மருந்தை மட்டும் நிறுத்தவேண்டாம். கிளினிக் திகதி எப்போது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கோ.

உங்கட அன்பு மகன்,
சின்னவன்