நியூட்டன் பிறந்தது எந்த ஆண்டில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான 'இங்கிலாந்து: 1642' பக்கத்தை ஆர்வத்தோடு படித்தேன். ஆகஸ்ட் 22இல் மன்னர் முதலாம் சார்லஸ் நாட்டிங்காமில் போர்க்கொடி ஏற்றியது, செப்டம்பர் 2இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூட ஆணையிட்டது, அக்டோபர் 23இல் எட்ஜ்ஹில் போர் எவருக்கும் வெற்றியின்றி முடிந்தது எல்லாமே சரியாகத் தரப்பட்டுள்ளன. ஆனால், 'கலிலியோ மறைந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்ற பெட்டிச் செய்தி தவறானது. அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நானும் இதையே பல வகுப்புகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தும் கடமை எனக்கும் உண்டு என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போப் பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் கொண்டுவந்த நாட்காட்டித் திருத்தத்தை இத்தாலி உடனே ஏற்றது. போப்பின் தலைமையை மறுத்துவிட்ட இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது. கலிலியோ இறந்ததாக நாம் படிக்கும் 1642 ஜனவரி 8 இத்தாலியக் கணக்கு. நியூட்டன் பிறந்ததாகச் சொல்லப்படும் 1642 டிசம்பர் 25 ஆங்கிலேயக் கணக்கு. இரண்டையும் கிரெகோரியன் கணக்கில் வைத்தால் நியூட்டனின் பிறப்பு 1643 ஜனவரி 4 ஆகிறது. ஜூலியன் கணக்கில் வைத்தால் கலிலியோவின் மறைவு 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுகிறது. எந்த நாட்காட்டியை எடுத்துக்கொண்டாலும் இருவரும் ஒரே ஆண்டில் சேர்வதில்லை. இடைவெளி 361 நாள். ஓராண்டுக்கு நான்கு நாள்தான் குறைவு என்றாலும், அதற்குள் ஆண்டு மாறிவிட்டது.

சிக்கல் இதோடு முடியவில்லை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னர் படைவீரர்களுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த ஜனவரி 4ஆம் நாளை நீங்கள் 1642இல் சேர்த்திருக்கிறீர்கள். இன்றைய வழக்கப்படி அது சரியே என்றாலும், அக்கால ஆவணங்களில் அந்த நாள் 1641ஐச் சேர்ந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலுள்ள நியூட்டன் நினைவுச் சின்னத்தில் அவர் இறந்த ஆண்டு 1726 என்று பொறிக்கப்பட்டிருக்க, நூல்கள் 1727 என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அவர் இறந்தது மார்ச் 20இல். ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

ஆகவே, இத்தொடரின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதிகள் எந்த நாட்காட்டிப்படி தரப்படுகின்றன என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் குறிப்பிடும்படி வேண்டுகிறேன். இந்தப் பக்கத்தின் தேதிகள் எல்லாம் ஜூலியன் கணக்கில் இருப்பதால், நியூட்டன் பிறப்பு டிசம்பர் 25 என்றே இருக்கலாம். இத்தாலியரான கலிலியோவைத்தான் நீக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 'இறப்புகள்' பகுதியில் எட்ஜ்ஹில் களத்தில் மன்னரின் கொடியை ஏந்தி மாண்ட சர் எட்மண்ட் வெர்னி இடம்பெற்றிருக்கிறார். அதே அக்டோபரில், லிங்கன்ஷயரின் வூல்ஸ்தார்ப் கிராமத்தில், கையெழுத்திடவும் தெரியாத ஓர் உழவர் இறந்தார். அவர் பெயரும் ஐசக் நியூட்டன்தான். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பிறந்த மகனுக்குத் தாய் ஹன்னா அந்தப் பெயரையே வைத்தார். அந்த உழவரின் மறைவையும் அப்பகுதியில் சேர்த்து, திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்