எடை போட்டுவிட்டு மருந்தை ஏற்றுங்கள்

புற்றுநோய்ப் பிரிவுப் பொறுப்பு மருத்துவர்களுக்கும் நிர்வாகத்துக்கும்,

வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன கீமோவுக்குப் பிறகு அம்மா பட்ட பாடு உங்கள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. நான் கேட்பது அதே தாளின் மேல் மூலையில் உள்ள எண்ணைப் பற்றி. எடை 58 கிலோ. முதல் கீமோவிலும் 58, அடுத்ததிலும் 58, கடைசியிலும் 58. எடை போட்டதே முதல் தடவை மட்டும்தான். அப்புறம் அதையே பார்த்து எழுதியதுதான்.

உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டுத்தானே பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு அளவு குறிக்கிறீர்கள்? இங்கே மாங்கூழ் ஆலைக்கு வரும் லாரியைக்கூட எடை மேடையில் ஏற்றாமல் உள்ளே விடுவதில்லை.

சரி, எடை போட்டிருந்தாலும் 58 காட்டியிருக்கலாம். அம்மாவின் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குகிறது; கொலுசோ கழற்ற முடியாமல் இறுகிக் கிடக்கிறது. மேலே தசை வற்ற, காலில் நீர் சேர்ந்திருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்கு அப்படியில்லை. தசை குறைந்தவர்களுக்குப் பக்கவிளைவுகள் கடுமையாக வருவதும், அதனால் சிகிச்சை தள்ளிப்போவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. பருமனானவர்களிடம் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது.

இதற்குப் புது மெஷின் வேண்டாம். நீங்கள் எடுக்கச் சொன்ன வயிற்று சி.டி. ஸ்கேனிலேயே, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் தெரியும் தசையை அளக்கலாம். ரிப்போர்ட்டில் கட்டியின் நீள அகலம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. தசையைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்டால், "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்கிறார்கள். இப்படிப்பட்ட நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டுமாம். அம்மாவுக்கு அது முட்டைக் கணக்கில் பத்துக்குக் குறையாது. வாயெல்லாம் புண்ணாகிக் கேழ்வரகுக் கூழே இறங்காதவர் அதை எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்கலாமென்றால், டயட்டீஷியன் அறைக்குப் பலகை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு மட்டும் எல்லா அறையும் திறந்திருந்தது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் முடிவு. நான் டாக்டர் இல்லை. ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் எடை போடுங்கள். நீர் வீக்கம் இருந்தால் பக்கத்திலேயே குறியுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தசையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். வியாழக்கிழமை அம்மாவுக்கு அடுத்த கீமோ. அன்றிலிருந்தே தொடங்கினால் உதவியாக இருக்கும், ஐயா.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்