கடையில் சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் சுங்குடிச் சேலை தயாரித்து விற்கும் சக உற்பத்தியாளர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நேரில் கூடினால் நூல் விலையையும் சாய விலையையும் தாண்டி நம் பேச்சு நகர்வதில்லை.

நம்மில் பலர் இணையதளம் வைத்திருக்கிறோம். திறந்தால் கோபுரப் படம், சிவப்பில் மஞ்சள் எழுத்து, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. அதற்குக் கீழே தீபாவளி நோட்டீசைப் படமெடுத்து ஒட்டியிருப்போம். நூல் எத்தனை கவுண்ட், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, விலை என்ன என்று வாங்குபவர் கேட்கும் அத்தனையும் அந்தப் படத்துக்குள் கிடக்கிறது. கைப்பேசியில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அங்கே ஊமையாகிவிடும். கூகுளும் எழுத்தாக இருப்பதைத்தான் தடுமாறாமல் படிக்கிறது. அச்சகத்துக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியவர்களும் உண்டு. கைப்பேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யூனிகோடு முறையைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

கடைக்கு வருபவரிடம் நாம் இப்படியா பேசுகிறோம்? சேலையை விரித்துப் போட்டு, "இது கையால் முடிச்சுப் போட்டது, சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால்தான் புள்ளி விழும், அதனால் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, அச்சடித்ததில் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்" என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறோம்! அதை அப்படியே எழுதுங்கள். புள்ளி அச்சிட்ட துணியைச் சுங்குடி என்று விற்பவர்கள் விவரத்தை வரிவரியாக எழுதி வைக்கிறார்கள். தேடுபவர் கண்ணில் அவர்கள்தான் முதலில் படுகிறார்கள். 2005இல் கிடைத்த புவிசார் குறியீட்டைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவைத்தால் இணையத்தில் யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு சேலைக்கும் தனிப்பக்கம் வேண்டும். அதன் தலைப்பில் 'நல்வரவு' வேண்டாம். 'மதுரை சுங்குடி, கைமுடிச்சு, கருநீலம், 5.5 மீட்டர்' என்று இருக்கட்டும். படத்தை ஏற்றும்போது அதை விவரிக்கத் தரப்படும் கட்டத்தில் (alt text) 'படம் 1' என்று விடாமல், படத்தில் இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் 'சுங்குடி, சுங்குடி' என்று ஒளித்துவைக்கும் வித்தையைச் சிலர் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். கூகுள் அதை மோசடியாகவே எடுத்துக்கொள்ளும். பக்கம் தேடலிலிருந்தே காணாமல் போகலாம்.

வாட்ஸ்அப் போதாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அது நம் எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு. கோவையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து பருத்திச் சேலை தேடும் புது ஆளிடம் நம் எண் ஏது?

தட்டச்சு தெரியாது என்பதும் இனிச் செல்லாது; கைப்பேசியிடம் தமிழில் பேசினால் எழுத்தாக விழுகிறது. அதைத் திருத்தி, தளம் அமைத்தவரிடம் கொடுங்கள். படமாகத்தான் போடுவேன் என்று அவர் அடம்பிடித்தால் ஆளை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
சுங்குடி உற்பத்தியாளர் ஒருவர்,
பந்தடி, மதுரை.