குணாவுக்கு: கொக்கும் சென்சாரும்

அன்புள்ள குணா,

இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். மாலதிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோவுக்கு ஒழுங்காகப் போகிறாரா? அறுவை சிகிச்சையைவிட அதற்குப் பிறகு செய்கிற பயிற்சிதான் முக்கியம் என்பதை என் மைத்துனர் விஷயத்தில் பார்த்துவிட்டேன். சோம்பல்பட்டு உட்கார்ந்தார், இன்றைக்கும் கம்பை ஊன்றிக்கொண்டுதான் தேக்கா சந்தைக்குப் போகிறார்.

உன் குரல்பதிவைக் கேட்டேன். பாரிஸ் ஒலிம்பிக் டேக்குவாண்டோ ஆட்டங்களை மகன் போட்டுக் காட்டினானாம், நீ பொரிந்து தள்ளியிருக்கிறாய். "கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறார்கள், இதற்கா மாஸ்டரிடம் அவ்வளவு அடி வாங்கினோம்?" என்றாயே, வாய்விட்டுச் சிரித்தேன். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொல்வதில் பாதி சரி. முன்காலைத் தூக்கி எதிராளியைத் தள்ளி நிறுத்துவதும், பாதம் கவசத்தில் பட்டால் போதும் என்று உரசிப் பார்ப்பதும், உதை பட்டதை உணர்ந்து தானே புள்ளி போடுகிற சென்சாரோடு வளர்ந்த வித்தைதான். காலுறையில் ஒன்று, மார்புக் கவசத்தில் ஒன்று. இரண்டும் சந்தித்து, அந்த எடைப் பிரிவுக்கென்று வைத்திருக்கிற அளவுக்கு மேல் வேகம் விழுந்தால் புள்ளி ஏறும். உதை எவ்வளவு அழகாக இருந்தது என்பது அதற்குத் தெரியாது. 2012 லண்டனில் மார்புக் கவசத்தோடு ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது, 2016 ரியோவில் தலைக்கவசத்துக்கும் ஏறிவிட்டது.

ஆனால் அதற்கு முந்தைய கதையை நீ வசதியாக விட்டுவிட்டாய். 2008 பெய்ஜிங்கில் டேக்குவாண்டோவின் கடைசி நாள் என்ன நடந்தது? பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், சீனாவின் சென் சோங்கின் முகத்தில் உதைத்ததை அத்தனை பேர் பார்த்தார்கள், புள்ளி போட வேண்டியவர்கள் மட்டும் பார்க்கவில்லை. சென் வென்றதாக அறிவித்துவிட்டு, பிறகு வீடியோவைப் பார்த்து முடிவை மாற்றினார்கள். சென் சோங் சாதாரண ஆளில்லை, 2000-லும் 2004-லும் தங்கம் வாங்கியவர். அதே நாளில்தான் கியூபாவின் ஏங்கல் மாத்தோஸ், காயத்துக்கு ஒதுக்கிய ஒரு நிமிடம் தாண்டியதற்காகத் தோற்றதாக அறிவித்த நடுவரின் முகத்திலேயே உதைத்தார். ஆயுள் தடை. சிட்னியில் தங்கம் வென்ற மனிதர்! இப்படியே இன்னும் ஓர் ஒலிம்பிக் போயிருந்தால் இந்த விளையாட்டையே வெளியே அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், விதிகளைத் திருத்துகிறவர்களுக்கும் உன் கோபம் இருக்கிறதடா. குத்துக்கு 1, மார்பில் உதைத்தால் 2, தலையில் 3 என்று வைத்துவிட்டு, உடம்பைச் சுழற்றி உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5 என்று தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொக்கைக் காலை இறக்க வைக்கத்தான் இந்த ஆசை காட்டல். குத்தையும் சுழற்சியையும் சென்சார் கணக்கிடாது. மூலையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும், அதாவது மனிதக் கண்ணை முழுதாக விரட்டிவிடவில்லை. முன்பு மூன்று சுற்றுப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தார்கள். முதல் சுற்றிலேயே ஒருவர் பத்துப் பன்னிரண்டு புள்ளி முன்னால் போய்விட்டால் மீதி ஆட்டம் ஓடிப் பிடிக்கிற விளையாட்டுதான். 2022 முதல் மூன்றில் இரண்டு சுற்றை எடுத்தவருக்கு வெற்றி, ஒவ்வொரு சுற்றும் பூஜ்யத்திலிருந்து. பாரிஸில் நீ பார்த்தது அந்த முறைதான். முதல் சுற்றைக் கோட்டைவிட்டவர் திரும்பி வரும்போது எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

டோக்கியோவைப் பற்றி நீ வாயே திறக்கவில்லையே. 2000-இல் பதக்க விளையாட்டானதிலிருந்து ஒரு தங்கமும் இல்லாமல் டேக்குவாண்டோவின் தாய்நாடான கொரியா திரும்பியது அந்தத் தடவைதான். 8 தங்கத்தை 7 அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. 49 கிலோவில் தாய்லாந்தின் பனிபாக், இறுதியில் ஸ்பெயின் பெண்ணிடம் பின்தங்கியிருந்து, கடைசிச் சில வினாடிகளில் மார்பில் ஓர் உதை விட்டு 11-10 என்று முடித்தார். பாரிஸிலும் அவரே. அவரை வளர்த்த பயிற்சியாளர் ஒரு கொரியர், பிறகு தாய்லாந்துக் குடிமகனாகவே ஆகிவிட்டார். ரியோவில் ஜோர்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கமே டேக்குவாண்டோ தங்கம். ஐவரி கோஸ்டின் சிஸ்ஸே, ஒரு வினாடி மிச்சமிருக்கும்போது 4-6 என்று தோற்றுக்கொண்டிருந்தவர், சுழன்று தலையில் உதைத்து 8-6 ஆக்கினார் (அப்போது அதற்கு 4 புள்ளிதான்). அந்த நாட்டின் முதல் தங்கம் அது. எதிரில் நின்ற பிரிட்டன் வீரர் முகமத் அழுத அழுகை இருக்கிறதே, பார்க்க முடியவில்லை. ஆனாலும் யாரும் 'நடுவர் ஏமாற்றிவிட்டார்' என்று சொல்ல வழியில்லை. எனக்கு இதுதான் பெரிது. பெரிய நாடு, சின்ன நாடு, முன்பு தங்கம் வாங்கியவர், யாரென்றே தெரியாதவர் என்று பார்க்காத ஒரு குருட்டுப் பெட்டி புள்ளி போடட்டும். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

சரி, வீட்டுச் செய்தி. என் பேத்தி யாழினி சமூக மன்றத்து டேக்குவாண்டோ வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். நாம் போனபோது அது சமூக நிலையம், கூடைப்பந்துத் திடலின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதிப்போம். இப்போது குளிரூட்டிய அறை, புதிர் அட்டை மாதிரிப் பூட்டிக்கொள்ளும் மெத்தைத் தரை. போன மாதம் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் சென்சார் கவசம்தான். அவளுக்குக் கொடுத்தது ஒரு அளவு பெரியது. பயிற்சியாளர் முதுகுப் பக்கம் முழங்காலை முட்டுக்கொடுத்து நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினார், இவள் ஒவ்வோர் இழுப்புக்கும் "ஹக், ஹக்" என்றாள். மண்டபம் முழுக்கக் கோடாலித் தைல வாசம்.

இரண்டாம் சுற்றில் பின்காலால் ஓர் உதை விட்டாள் பார், 'படார்' என்று மேல்வரிசை வரைக்கும் கேட்டது. பலகையில் எதுவும் ஏறவில்லை. பாதம் படாமல் கணுக்காலுக்கு மேலே பட்டிருக்கிறது, அங்கே காலுறையின் சென்சார் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு சீன அம்மா என் சட்டையைப் பிடித்து, "அங்கிள், உட்காருங்க, மெஷின் சொன்னா சொன்னதுதான்" என்றார். யாழினி பலகையை ஒருமுறை பார்த்தாள், நாக்கைச் சப்புக்கொட்டினாள், அவ்வளவுதான், அடுத்த உதைக்குக் காலை மாற்றி நின்றாள். ஆட்டத்தில் தோற்றாள். ரயிலில் வரும்போது, "தாத்தா, நான் பாதத்த நீட்டல" என்று அவளே சொன்னாள். நம் காலத்தில் தோற்றுவிட்டு வந்தால் நடுவரை எத்தனை நாள் திட்டுவோம்?

2010 இளையர் ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? நீ பெர்த்துக்குப் போவதற்கு முன்னால் நாம் சேர்ந்து பார்த்த கடைசிப் போட்டி. சன்டெக் மண்டபம், அதே கட்டடத்தில் வாள்வீச்சும் ஜூடோவும் மல்யுத்தமும். எல்லாம் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் டேக்குவாண்டோவில் வெண்கலம் வாங்கியபோது தொண்டை கட்டும்வரை கத்தியவன் நீ. அப்போது எந்தக் கொக்கையும் பற்றி நீ பேசவில்லை! 2015-இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே நடந்தபோது எக்ஸ்போவுக்கு நான் தனியாகத்தான் போனேன். 2029-இல் மறுபடி இங்கேதான் வருகிறது. நீ இல்லாமல் இனி போவதாக இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டுகிற பூம்சேயைப் பார். நீ எப்போதும் அதில்தானே கெட்டிக்காரன், சண்டையில் நான்தான் உன்னைப் புரட்டி எடுத்தேன் (மறுக்காதே). 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில்தான் முதன்முதலாக அதையும் சேர்த்தார்கள். சென்சார் கிடையாது, எதிராளியை அடிப்பதும் கிடையாது, நடுவர்கள் உட்கார்ந்து நிற்பு, திரும்பல், மூச்சு, வேகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். தலைக்கு மேல் போகும் பக்கவாட்டு உதையைக் காலை இறக்காமல் நிறுத்திக் காட்டுகிறார்கள். அங்கேயும் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் நீ கைதட்டுவாய்.

கடைசியாக முக்கியமான விஷயம். ஜூன் பள்ளி விடுமுறையில் தங்கை மகனுக்கு ஜோகூரில் கல்யாணம். தேதி முடிவாகிவிட்டது, பத்திரிகை அடுத்த வாரம் வரும். நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். கடற்பாலத்தில் அந்த வாரம் நெரிசல் பயங்கரமாக இருக்கும், அதனால் முதல்நாளே ஈசூனுக்கு வந்துவிடுங்கள், விடிவதற்குள் காரில் கிளம்பிவிடலாம். மின்தூக்கி இப்போது நம் மாடியிலேயே நிற்கிறது. தங்குவது நம் வீட்டில்தான், ஹோட்டல் பேச்சை எடுத்தால் சரஸ்வதி உன்னோடு பேசமாட்டாள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
சந்திரன்