கூட்ட நேரத்தில் காணாமல் போகும் பில்கள்: சரிசெய்து தரக் கோரி

வணக்கம்.

உங்கள் பில்லிங் மென்பொருளை எங்கள் மளிகைக் கடையில் மூன்று கவுண்டரில் ஓட்டுகிறோம். கூட்டம் இல்லாதபோது ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மூன்றும் சேர்ந்து ஓடினால்தான் தலைவலி: பில் பிரிண்ட் ஆகிறது, வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார், ராத்திரி கணக்கு முடிக்கும்போது பார்த்தால் அந்த பில்லே இல்லை, ஸ்டாக்கும் குறையவில்லை. கல்லாவில் கூடுதலாக நிற்கும் பணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் கவுண்டர் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

சப்போர்ட்டில் கேட்டால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள். கடையின் கணினி வேலையைப் பார்ப்பவன் நான், அதனால் நீங்கள் கொடுத்த பைத்தான் கோப்புகளையே திறந்து பார்த்தேன். பில்களைச் சேமிக்கும் எஸ்கியூஎல்லைட் டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு கனெக்‌ஷன், எல்லாக் கவுண்டரின் த்ரெட்டும் (புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை) அதையே பயன்படுத்துகிறது. ஒரு த்ரெட் திறந்த கனெக்‌ஷனை இன்னொரு த்ரெட் தொட்டால் பைத்தான் தானாகவே எரர் கொடுத்துத் தடுக்கும். 'செக் சேம் த்ரெட்' என்ற செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கி அந்தத் தடுப்பை நீங்களே எடுத்துவிட்டிருக்கிறீர்கள். சரி, எடுக்கலாம், ஆனால் அப்புறம் எழுதும் வேலைகளை வரிசைப்படுத்துவது உங்கள் பொறுப்பு, பைத்தான் ஆவணத்திலேயே அது இருக்கிறது.

டிரான்ஸாக்‌ஷன் கனெக்‌ஷனோடு போவது, த்ரெட்டோடு அல்ல; முழுதாகச் சேமிக்க அல்லது முழுதாகக் கைவிட வேண்டிய பதிவுகளின் தொகுப்புதான் அது. முதல் கவுண்டரில் பில் வரிகள் பாதி ஏறியிருக்கும்போது இரண்டாவது கவுண்டரில் யாராவது பில்லை கேன்சல் செய்தால், அங்கே ஓடும் ரோல்பேக் (இன்னும் சேமிக்காததைக் கைவிடும் கட்டளை) இரண்டு பேருடையதையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு முதல் கவுண்டர் கமிட் (நிரந்தரமாகச் சேமிக்கும் கட்டளை) கொடுக்கும்போது எரரே வராது, பில்லும் பிரிண்ட் ஆகிவிடும். டேட்டாபேஸைக் காப்பி எடுத்துச் செய்து பார்த்தேன், இதேதான் நடந்தது.

போன அப்டேட்டில் ஒவ்வொரு எக்ஸிக்யூட்டுக்கும் (டேட்டாபேஸுக்குப் போகும் ஒரு கட்டளை) ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) போட்டு அனுப்பினீர்கள். இரண்டு எக்ஸிக்யூட்டுக்கு நடுவில் லாக் விடுபடுகிறதே, அந்த இடைவெளியில் அடுத்த கவுண்டரின் ரோல்பேக் புகுந்துவிடுகிறது. பில்லின் முதல் வரியில் பிடித்த லாக்கைக் கமிட் முடியும்வரை விடக்கூடாது. அதைவிட, த்ரெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் கொடுத்து, எழுதும் டிரான்ஸாக்‌ஷனை எழுதும் உரிமையை முதலிலேயே பிடித்துக்கொள்ளும் 'பிகின் இம்மீடியட்' கட்டளையால் தொடங்குங்கள். ஒருவர் எழுதும்போது அடுத்தவர் காத்திருப்பார், பைத்தானில் அந்தக் காத்திருப்பு 5 விநாடி என்று ஏற்கெனவே இருக்கிறது, எங்கள் கடைக்கு அது தாராளம்.

அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்கு முன்னால் திருத்திய பதிப்பு வேண்டும், விடுபட்ட பில்களைத் திரும்ப ஏற்ற உங்கள் ஆள் ஒருவரையும் அனுப்புங்கள். முடியாதென்றால் இந்த வருடப் பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.